நரித்திட்டில் விட்ட கூடை

முகத்துவாரக்குப்பத்தில் ஜெயவேலைப் பற்றி விசாரித்தால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் சொல்வார்கள். கட்டுமரக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு, கட்டுமரத்தில் ஏறினாலே குடல் வாய்க்கு வரும் ஆளை வேறெங்கே பார்க்க முடியும்? பதினாறு வயதில் அவனுடைய அப்பா அவனை முதல் தடவையாகக் கடலுக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது அலையைத் தாண்டுவதற்குள் காலையில் சாப்பிட்ட பழையது மொத்தமும் மீனுக்குப் போய்விட்டது. போகப்போகப் பழகிவிடும் என்றார்கள். ஒரு வருஷம் விடாமல் போனான். மீன்களுக்குத்தான் பழகியது, அவனுக்குப் பழகவில்லை. கடைசியில் அப்பாவே கையெடுத்துக் கும்பிட்டு, திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டு வந்தார்.

கம்பெனியில் அவனுக்கு நின்றுகொண்டே செய்கிற வேலை. குச்சி அடுக்கிய சட்டங்கள் வரிசையாக வரும். அதில் கோணலாக நிற்கும் குச்சிகளை ஒரு தகட்டால் தட்டி நேராக்கி அனுப்ப வேண்டும். மூளைக்கு வேலையே கிடையாது, கைக்கும் அவ்வளவாகக் கிடையாது. காலுக்குத்தான் முழு வேலை. சங்கு ஊதினால் வந்து நிற்க வேண்டும், மறுபடி ஊதினால் நகரலாம். இடையில் எட்டு மணி நேரம் நாலு செங்கல் அகலத்துக்குள் அவன் வாழ்க்கை. ஆறு வருஷத்தில் அந்த இடத்துச் சிமெண்டுத் தரையில் அவன் பாதத்தின் அளவுக்குத் தேய்மானம் விழுந்துவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அதில் பாதி நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், ராயபுரத்துக்குப் போய்ப் படம் பார்ப்பார்கள். ஜெயவேல் நரித்திட்டுக்குப் போனான்.

எண்ணூர்க் கழிக்கு வடக்கே, ஒரு பக்கம் உப்புக்கழியும் மறுபக்கம் கடலுமாக நீளவாக்கில் கிடந்த மணல் தீவு அது. நீளம் ஐந்து மைல் இருக்கும். அகலமோ சில இடத்தில் ஒரு கூப்பிடு தூரம்கூடக் கிடையாது. வீடு இல்லை, கோயில் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை. பனைகள் கொஞ்சம், தாழம்புதர் கொஞ்சம், மீதியெல்லாம் மணலும் நரியும். யுத்த காலத்தில் பட்டாளத்தார் ஒரு காவல் கொட்டகை போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள்.

ஜெயவேல் அங்கே போய்ச் சேர்ந்ததே தற்செயல்தான். கிளிஞ்சல் படகுக்காரர் தாவூது பழவேற்காட்டுப் பக்கம் போகும்போது, பொழுது போகாமல் இவன் கூட ஏறிக்கொண்டான். கழியில் அலை கிடையாது என்பதால் குடலும் சும்மா இருந்தது. வழியில் நரித்திட்டின் தெற்கு முனையில் இறங்கியவன், படகு திரும்பி வரும்வரை நடப்போம் என்று நடந்தான். சாயங்காலம் வடக்கு முனையில் தாவூது அவனை ஏற்றிக்கொண்டபோது அவன் முகத்தைப் பார்த்து, புதையல் கிடைத்ததா என்று கேட்டார். அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்ததும் போனான். ஒரு வருஷமாக ஒரு ஞாயிறு தவறவில்லை.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தோன்றும். மதுவிலக்கு வந்து மூன்றாவது வருஷம் அது. ஆளில்லாத இடத்துக்கு ஒருவன் வாராவாரம் புட்டியும் கையுமாகப் போகிறான், சந்தோஷமாகத் திரும்பி வருகிறான் என்றால் குப்பம் என்ன நினைக்கும்? போதாததற்கு, ஒரு தடவை தோளில் மண்பானையோடு போனவன் வெறுங்கையோடு திரும்பினான். பானை எங்கே என்று கேட்டதற்கு அங்கேயே வைத்துவிட்டேன் என்றான். எதற்குப் போகிறாய் என்று கேட்டால் நடக்க என்பான். எங்கே நடக்க என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. அன்றோடு முடிந்தது. ஜெயவேல் நரித்திட்டில் சாராயம் காய்ச்சுகிறான் என்பது கோபுரத்தைப் போல எல்லார் கண்ணுக்கும் தெரிந்த உண்மையாகிவிட்டது.

அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டான், சிவந்தி மட்டும் இல்லாவிட்டால். சிவந்தி அதே கம்பெனியில் பெட்டி அடைக்கிற பகுதியில் வேலை செய்தாள். ஒரே குப்பம், ஒரே ரயில், ஒரே சங்கு. இரண்டு பேரும் பேசி முடிவு செய்து ஒரு வருஷம் ஆயிற்று. அவளுடைய அம்மா கெங்கம்மாவிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

கெங்கம்மா மீன்காரி. விடிகாலையில் குப்பத்துக் கரையில் மீனை எடுத்தால், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எர்ணாவூர், திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை என்று தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டுத்தான் வீடு திரும்புவாள். பன்னிரண்டு வயதில் தூக்கிய கூடை, இப்போது நாற்பத்தெட்டு. அவளுக்குச் சாராயம் என்ற சொல்லே ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. அவள் தம்பி வரதன் இரண்டு வருஷத்துக்கு முன் எவனோ காய்ச்சியதைக் குடித்து இரண்டு கண்ணையும் இழந்தவன். அவனை வீட்டில் வைத்து, தட்டில் எது எங்கே இருக்கிறது என்று தினமும் சொல்லிச் சாப்பிடவைப்பது கெங்கம்மாதான். காய்ச்சியவன் மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வாள் என்பதை அவள் பல தடவை விவரமாகச் சொல்லியிருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்டவளிடம் சிவந்தி ஜெயவேலின் பெயரைச் சொன்னாள். மூன்று நாள் அந்த வீட்டில் உலை கொதித்ததே தவிர யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. நாலாவது நாள் கெங்கம்மா ஜெயவேலைக் கூப்பிட்டனுப்பினாள். காசிமேட்டிலிருந்து வரும் புதன்கிழமை சிவந்தியைப் பெண்கேட்டு வரப்போகிறார்கள் என்றாள். அவர்களிடம் சரி என்று சொல்வதா வேண்டாமா என்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றாள்.

"அன்னிக்கி நானும் உன்கூட வரேன். நீ எங்க போவியோ அங்க போறேன், எங்க குந்துவியோ அங்க குந்துறேன். என் கண்ணால பாக்கணும். ஒரு பொட்டு நாத்தம் அடிச்சாலும் என் பொண்ணு காசிமேட்டுக்குத்தான்."

ஜெயவேலுக்குப் பயம் வந்தது. ஒளிக்க ஏதாவது இருந்தால் ஒளித்துவிடலாம். ஒன்றுமே இல்லாததை எப்படிக் காட்டுவது? அதுவும் இந்த அம்மாவிடம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெங்கம்மா வந்தபோது தலையில் சும்மாடு இருந்தது, அதற்கு மேல் காலிக் கூடை இருந்தது. கூடை எதற்கு என்று தாவூது கேட்டார். பானையைக் கண்டுபிடித்தால் சாட்சிக்கு எடுத்துவர என்றாள். உண்மையான காரணம் அவளுக்கே தெரியாது. புடவை கட்டாமல் எப்படி வெளியே வரமாட்டாளோ அப்படித்தான் கூடையும். தாவூது ஜெயவேலை ஒரு பார்வை பார்த்தார். தூக்குமேடைக்குப் போகிறவனைப் பார்க்கிற பார்வை அது. சாயங்காலம் நாலு மணிக்கு வடக்கு முனையில் நிற்பேன், தாமதம் செய்யாதீர்கள் என்று சொல்லி, இரண்டு பேரையும் தெற்கு முனையில் இறக்கிவிட்டு, கோலை ஊன்றிப் படகைத் தள்ளினார்.

கழிப்பக்கம் முழங்கால் சேறு. அதைத் தாண்டினால் தாழம்புதர், அதையும் தாண்டினால் மணல்மேடு. ஜெயவேலுக்கு இங்கே ஒவ்வொரு அடியும் தெரியும். அடப்பங்கொடி படர்ந்த இடத்தில் கால் வைத்தால் சுடாது. ராவணன் மீசைப் புல் கிடக்கும் இடத்தை ஒதுங்கிப் போக வேண்டும், இல்லாவிட்டால் கணுக்காலைக் கிழித்துவிடும். அவன் பாட்டுக்கு நடந்தான். ஒரு பர்லாங் போனதும் திரும்பிப் பார்த்தால் கெங்கம்மாவைக் காணோம்.

அவள் பின்னால் தடுமாறிக்கொண்டிருந்தாள். தினமும் பத்து மைல் நடக்கிறவள், நாலடிக்கு ஒரு தடவை வலது பக்கமாகச் சாய்ந்தாள், நின்றாள், மணலைத் திட்டினாள், மறுபடி நடந்தாள். கள் குடித்தவள் மாதிரி இருக்கிறதே என்று ஜெயவேல் நினைத்தான், நினைத்ததற்காகவே பயந்துபோனான். கை கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு அவள் முறைத்தாள். அப்புறம் காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். கூடையை இறக்கி, கரையோரத்து ஈரமணலைப் பாதிக் கூடைக்கு அள்ளிப்போட்டு, மூச்சைப் பிடித்துத் தலையில் ஏற்றினாள். அவ்வளவுதான், கழுத்து நிமிர்ந்தது, இடுப்பு நேரானது, கால் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. பாரம் இல்லாமல் நடக்க அந்த உடம்புக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் பின்னால் ஓடியது ஜெயவேல்தான்.

வழியெல்லாம் விசாரணை. பட்டாளத்தார் கொட்டகையில் கால் உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது, அதைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒரு கரிக்கட்டை கிடந்தது, அதை மோந்து பார்த்தாள். நரி தோண்டிய வளைக்குள் குச்சியை விட்டு ஆட்டினாள். எதுவும் அகப்படாமல் போகப்போக அவள் முகம் தெளிவதற்குப் பதிலாக இருண்டது. ஜெயவேலுக்கு அது புரிந்தது. ஒன்றும் இல்லை என்று அவள் நினைக்கவில்லை, நன்றாக ஒளித்திருக்கிறான் என்று நினைத்தாள். கடல் பக்கம் ஒரு கழுகு உட்கார்ந்திருந்ததைக் காட்டினான். பார்த்தாள். ஒரு பெரிய சங்கைக் காட்டினான். பார்த்தாள். இதற்காகவா வாராவாரம் வருகிறாய் என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அவன் கொண்டுவந்திருந்த இரண்டு புட்டித் தண்ணீரும் வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துபோயிற்று. ஒன்றரைப் புட்டியைக் குடித்தது மணல் சுமந்தவள். பரவாயில்லை, பாதி வழியில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போனான். மொட்டைப் பனை ஒன்றின் அருகில் அந்தப் பானையை அவன் அதன் கழுத்துவரை மணலில் புதைத்து, வாயைத் துணியால் கட்டி, மேலே மணலால் மூடி, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வைத்திருந்தான். வாராவாரம் பழைய தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு புட்டித் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுப் போவது வழக்கம். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வாரம் ஆனாலும் ஜில்லென்று இருக்கும்.

மொட்டைப் பனை இருந்தது. குச்சியைக் காணோம். காற்று வாரம் முழுக்க வேலை செய்திருந்தது, மணல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவிக் கிடந்தது. ஜெயவேல் ஓரிடத்தில் தோண்டினான். இல்லை. தள்ளித் தோண்டினான். இல்லை. மூன்றாவது குழி தோண்டும்போது அவன் வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேல் நிழல் விழுந்தது. கெங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். அன்று முழுவதும் இல்லாத வெளிச்சம் அவள் முகத்தில் வந்திருந்தது.

"பானையத்தானே தேட்றே. நவுரு நைனா. இது என் தொழிலு."

அது நிஜமாகவே அவள் தொழில்தான். மீன் மலிந்துபோகிற நாளில் குப்பத்துப் பெண்கள் உப்புப் போட்ட மீனை ஓலைப்பாயில் சுற்றி, கரை மணலில் குழி தோண்டிப் புதைப்பார்கள். மூன்றாம் நாள் எடுத்தால் குழிக் கருவாடு. ஒரே கரையில் முப்பது பேர் குழி இருக்கும், மேலே ஓர் அடையாளமும் இருக்காது. கெங்கம்மா ஒரு நாளும் அடுத்தவள் குழியைத் தோண்டியதில்லை. மூடிய குழிக்கு மேல் மணல் வேறு மாதிரி அமுங்கும், அது அவள் குதிகாலுக்குத் தெரியும்.

செருப்பில்லாத காலைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாகப் பனையைச் சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்றில் நின்றாள். குந்தி உட்கார்ந்து கையால் வாரினாள். ஒரு முழம் போனதும் துணி தெரிந்தது, துணிக்கு அடியில் பானையின் வாய் தெரிந்தது. ஜெயவேல் கையை நீட்டினான். தொடாதே என்றாள். கட்டை அவிழ்த்துக் குனிந்து மோந்தாள். மறுபடி மோந்தாள். ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நாலு விரலையும் விட்டுப் பார்த்தாள்.

தண்ணீர்தான்.

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பானையைத் தூக்கி, மூச்சுவிடாமல் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் நீட்டினாள். அவன் குடித்து முடித்ததும், காக்கை வாய் வைக்காமல் இருக்க, கூடையிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, கூடையைப் பானை மேல் கவிழ்த்தாள். சும்மாடு மட்டும் தலையிலேயே இருந்தது. அவன் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை இரண்டு பேரும் தின்றார்கள். அப்புறம் அவள் கேட்டாள், இந்தத் தடவை போலீஸ்காரி மாதிரி இல்லை.

"மெய்யாலுமே சொல்லு. இன்னாத்துக்குப்பா இங்க வந்து நடக்குற?"

ஒரு வருஷமாக அவனிடம் எல்லாரும் கேட்ட கேள்வி அது. பதில் தெரியவேண்டும் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு அவனுக்குப் பதில் வந்தது.

"ஆறு நாளும் ஒரே எடத்துல நின்னுகினு கீறேன் அத்தே. சங்கு ஊதுனா வரணும், சங்கு ஊதுனா போவணும். இங்க வந்தா என்னை யாரும் எங்கயும் போவச் சொல்லல. காலு எங்க போவுதோ அங்க போறேன்."

கெங்கம்மா தன் காலைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷமாக நடந்திருக்கிறேன், ஆனால் ஒரு நாள்கூட என் கால் போன இடத்துக்கு நான் போனதில்லை, மீன் கெட்டுப்போவதற்குள் அடுத்த தெருவுக்குப் போயாக வேண்டும் என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து கடல் பக்கம் போனாள்.

ஜெயவேல் புட்டிகளைத் துண்டில் முடிந்துகொண்டு நிமிர்ந்தான். அவள் திரும்பி வரவில்லை. அலை தொடும் ஓரத்தில் வடக்கே நடந்துகொண்டிருந்தாள். அவன் கூடையைப் பார்த்தான். எடுக்க வருவாள் என்று கொஞ்ச நேரம் நின்றான். அவள் ஒரு பர்லாங் போய்விட்டாள். பின்னால் ஓடினான்.

கிட்டப் போனதும் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். முதலில் கொஞ்சம் தள்ளாடிய நடை இப்போது சீராகியிருந்தது. அதைவிட, அவள் கையைப் பார்த்தான். வலது கை எப்போதும் மேலே போய்க் கூடை விளிம்பைப் பிடித்திருக்கும், அவன் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறான். இன்றைக்கு இரண்டு கையும் கீழே இருந்தன. இரண்டையும் வீசிக்கொண்டு போனாள். கூடை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கை உடனே மேலே போய்விடும் என்று அவனுக்குத் தோன்றியது. தொழில் செய்கிற கூடை அது, விட்டுவிட்டு வந்தால் அப்புறம் தன்னைத்தான் தொலைத்துக்கட்டுவாள், சிவந்தி காசிமேட்டுக்குப் போய்விடுவாள் என்பதும் தெரிந்தது. சொல்லவில்லை.

ஓரிடத்தில் அவள் நின்று திரும்பித் தன் காலடித் தடத்தைப் பார்த்தாள். யாருடைய கால் இது என்று கேட்டாள். உன் கால்தான் அத்தே என்றான். நம்பாமல் பக்கத்தில் இன்னோர் அடி வைத்துப் பார்த்தாள். குதிகால் ஆழமாகக் குழி விழும் தடத்தைத்தான் அவள் தன்னுடையது என்று தெரிந்துவைத்திருந்தாள். இது மேலாகப் படிந்திருந்தது, ஒரு சின்னப் பெண்ணுடைய கால் மாதிரி. அவள் சிரித்தாள். ஜெயவேல் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தான்.

வடக்கு முனைக்கு நாலு மணிக்குப் போகவில்லை, ஐந்து ஆகிவிட்டது. நண்டு வளை ஒவ்வொன்றிலும் நின்று பார்த்தது கெங்கம்மா. தாவூதிடம் திட்டு வாங்கியது ஜெயவேல். படகில் அவள் கல்யாணத்தைப் பற்றியும் பேசவில்லை, காசிமேட்டைப் பற்றியும் பேசவில்லை. முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலையே இல்லாத கழியில் ஜெயவேலுக்குக் குடலைப் புரட்டியது.

கரையில் பாதிக் குப்பம் கூடியிருந்தது. சிவந்தி ஓரமாக நின்று அம்மாவின் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். கெங்கம்மாவோடு கூட மீன் விற்கும் முத்தம்மாதான் முன்னால் வந்தாள். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் கெங்கம்மா. விடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நடந்தோம் என்றாள். எதற்கு என்று கேட்டாள். கெங்கம்மா வாயைத் திறந்தாள், பதில் வரவில்லை. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. சரிதான், மாமியாரையும் கூட்டுச் சேர்த்துவிட்டான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"கூடை எங்கடி?" என்றாள் முத்தம்மா.

கெங்கம்மாவின் கை தலைக்குப் போனது. சும்மாடு மட்டும் இருந்தது. அவள் மெதுவாக ஜெயவேல் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அத்தே. நீ கைய வீசிகினு போய்க்கினு இருந்தே. கூப்பிட மனசு வரல."

குப்பத்துக்கு அது விளங்கவில்லை. கெங்கம்மாவுக்கு விளங்கியது. அவளுக்காக ஒருவன் இப்படி யோசித்து இதுவரை பார்த்ததில்லை. கட்டிய புருஷன்கூட யோசித்ததில்லை. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. சும்மாட்டை அவிழ்த்து மணலை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காசிமேட்டுக்காரங்கள வர வேணான்னு சொல்லி அனுப்பணும்" என்று சிவந்தியிடம் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கெங்கம்மா மறுநாளே வேறு கூடை வாங்கிவிட்டாள், வாரத்தில் ஆறு நாள் அது எர்ணாவூர், தேரடி, காலடிப்பேட்டை என்று வழக்கம்போலச் சுற்றியது. சிவந்தி ஒரே ஒரு ஞாயிறு நரித்திட்டுக்கு வந்தாள், காலைச் சுளுக்கிக்கொண்டு, எனக்குத் தூக்கமே போதும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே வாராவாரம் தாவூதின் படகில் ஜெயவேலும் மாமியாரும்தான் போனார்கள். பழைய கூடையை எடுத்துவரப் போகிறேன் என்று கெங்கம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டு கிளம்புவாள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவாள். கூடை மொட்டைப் பனையடியில் தண்ணீர்ப் பானைக்குக் குடையாக நின்றது. குப்பத்தில் சாராயக் கதை மட்டும் இன்னும் பெரிதாக வளர்ந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படகுத்துறையில் முத்தம்மா பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள். ஒரு கூடையை எடுத்துவர இத்தனை ஞாயிறா?

"கனமா கீதுடி, ஒரே நாள்ல தூக்க முடியல" என்றாள் கெங்கம்மா, இரண்டு கையையும் வீசிக்கொண்டு போய்ப் படகில் ஏறினாள்.